ஐந்து மெயில் கணக்கு, ஒரே கணினி: எந்த மென்பொருள் போடலாம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். கேட்டவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட் நடத்துகிறார். சொந்த ஜிமெயில் ஒன்று, கம்பெனி டொமைனில் சேல்ஸ், அக்கவுண்ட்ஸ் என்று இரண்டு, ஒரு வாடிக்கையாளர் நிறுவனம் தன் வெண்டர்களுக்காகக் கொடுத்த மைக்ரோசாஃப்ட் 365 முகவரி ஒன்று, வங்கியில் எப்போதோ பதிந்து வைத்த பழைய யாஹூ ஒன்று. ஐந்தையும் பிரவுசரில் ஐந்து டேப்பாகத் திறந்து வைத்துக்கொண்டு அல்லாடுகிறார், போன மாதம் ஒரு கொட்டேஷன் சொந்த ஜிமெயிலிலிருந்து போய்விட்டதாம். 8 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் லேப்டாப். எந்த மென்பொருள் போடலாம், காசு கொடுத்து வாங்கவும் தயார் என்கிறார்.

நேரடியாகச் சொல்கிறேன்: தண்டர்பேர்ட் என்கிற மெயில் மென்பொருளைப் போடுங்கள். இலவசம்தான். எடுத்து வைத்திருக்கும் காசில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள், அதற்கு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன். ஆனால் இத்தோடு பதிலை முடித்தால் நாளைக் காலை நீங்கள் அதை இன்ஸ்டால் செய்வீர்கள், மூன்று கணக்கு சட்டென்று சேரும், நான்காவதில் மாட்டிக்கொள்வீர்கள், 'இது சரிவராது' என்று மதியத்துக்குள் பழைய டேப்களுக்கே திரும்பிவிடுவீர்கள். சென்னையில் சின்ன அலுவலகங்களுக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான். பழி மென்பொருள் மேல் விழும், சிக்கல் கணக்கில் இருக்கும்.

அதனால் முதலில் மென்பொருளை மறந்துவிட்டு ஒரு தாளில் ஐந்து கணக்கையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விஷயம்: அந்த மெயில் உண்மையில் யாருடைய சர்வரில் இருக்கிறது, அது வெளி மென்பொருளை எப்படி உள்ளே விடுகிறது. கம்பெனி டொமைன் மெயில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பல முதலாளிகளுக்குத் தெரியாது. வெப்சைட் போட்டுக் கொடுத்த பையனைக் கேட்க வேண்டும் என்பார்கள், அந்தப் பையன் இப்போது பெங்களூரில் இருப்பான். சிரமம்தான், ஆனாலும் இதைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். எந்த மென்பொருள் வாங்கினாலும் அது கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான்.

ஜிமெயிலில் பிரச்சினை இல்லை. 2022 மே 30-இலிருந்து சொந்த ஜிமெயில் கணக்குகளுக்கு, முன்போல வெறும் பாஸ்வேர்டைக் கொடுத்து எந்த வெளி மென்பொருளும் உள்ளே நுழைய முடியாது. ஓஆத் என்கிற முறைதான். மென்பொருள் ஒரு குட்டி ஜன்னலைத் திறக்கும், அதில் கூகுளின் லாகின் பக்கமே வரும், அங்கே பாஸ்வேர்டும் போனுக்கு வரும் உறுதிப்படுத்தலும் கொடுத்தால் மென்பொருளுக்கு அனுமதிச் சீட்டு போல ஒரு டோக்கன் கிடைக்கும். உங்கள் பாஸ்வேர்டு அதன் கைக்குப் போகாது. தண்டர்பேர்ட் இதைத் தானாகச் செய்யும். யாஹூவுக்கும் அப்படியே. ரிச்சி ஸ்ட்ரீட்டில் யாரோ போட்டுக் கொடுத்த பழைய ஆபீஸ் 2010-இல் இருக்கும் அவுட்லுக்கை வைத்துக்கொண்டு 'பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறேன், உள்ளே விட மாட்டேன் என்கிறது' என்று புலம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு இந்த ஓஆத் தெரியாது, அவ்வளவுதான். ஜிமெயிலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு ஆப் பாஸ்வேர்டு என்று தனியாக ஒன்று எடுத்து ஓட்டிப் பார்க்கலாம். மைக்ரோசாஃப்டின் சொந்தக் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16-க்குப் பிறகு அந்தக் கதவும் மூடியாயிற்று.

கம்பெனி டொமைன் மெயில் சாதாரண வெப் ஹோஸ்டிங்கில், சிபேனல் (வெப்சைட்டையும் மெயில் கணக்குகளையும் நிர்வகிக்கும் பக்கம்) வகையில் இருந்தால் வெறும் பாஸ்வேர்டே போதும். அங்கே வரும் தொல்லை வேறு. உங்கள் டொமைன் பெயரையே சர்வர் பெயராகக் கொடுத்தால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழ் பொருந்தவில்லை என்று ஒரு எச்சரிக்கை வரும். அதை 'பரவாயில்லை' என்று அழுத்தித் தள்ளாதீர்கள். ஹோஸ்டிங் நிறுவனம் அனுப்பிய வரவேற்பு மெயிலில் சர்வரின் உண்மையான பெயர் இருக்கும், அதைக் கொடுத்தால் எச்சரிக்கை போய்விடும். மெயில் எடுக்க 993, அனுப்ப 465 அல்லது 587 என்ற போர்ட்கள். வேறு எண் கொடுத்து 'பாதுகாப்பு வேண்டாம்' என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

டொமைன் மெயில் ஜோஹோவில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. நம்ம ஊர்க் கம்பெனி என்பதாலும் இலவசத் திட்டம் இருப்பதாலும் இங்கே நிறையப் பேர் அதில்தான் இருக்கிறார்கள். அந்த இலவசத் திட்டத்தில் ஐந்து பேர் வரை கணக்கு வைக்கலாம், ஆனால் பிரவுசரிலும் அவர்களுடைய சொந்த ஆப்பிலும் மட்டும்தான் பார்க்க முடியும். ஐமேப், அதாவது வெளி மென்பொருள் சர்வரில் இருக்கும் மெயிலைப் பார்க்கும் வழி, கிடையாது. அதனால் தண்டர்பேர்ட், அவுட்லுக், வேறு எதைப் போட்டாலும் சேராது. அதற்குக் கீழ்மட்டக் கட்டணத் திட்டத்துக்காவது போக வேண்டும். காசு கட்டிய பிறகும் சேரவில்லை என்றால் இரண்டு காரணம்தான் பெரும்பாலும்: ஜோஹோ அமைப்புகளில் ஐமேப்பை இயக்காமல் விட்டிருப்பீர்கள், அல்லது கணக்கு இந்திய டேட்டா சென்டரில் இருக்க, சர்வர் பெயரை டாட் காம் என்று கொடுத்திருப்பீர்கள். டாட் இன் என்று முடிய வேண்டும். இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பாதி டாட் காம் என்றே இருக்கும், அதை அப்படியே நகலெடுப்பதால் வருகிற வினை.

அடுத்தது வெண்டர் முகவரி, அந்த மைக்ரோசாஃப்ட் 365. நீங்கள் மாட்டிக்கொள்ளப்போகும் இடம் இதுதான். லாகின் ஜன்னல் வரும், பாஸ்வேர்டு ஏற்கும், பிறகு 'அட்மின் அனுமதி தேவை' என்று நின்றுவிடும். கணக்கு உங்கள் பெயரில் இருந்தாலும் நிறுவனம் அவர்களுடையது, எந்த மென்பொருள் உள்ளே வரலாம் என்பதை அவர்களுடைய ஐடி ஆட்கள்தான் முடிவு செய்வார்கள். அவர்களுக்கு ஒரு மெயில் போட்டு, தண்டர்பேர்டை அனுமதிக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் சண்டை போடாதீர்கள், அவர்கள் தரப்பில் அது நியாயம்தான்.

சரி, இனி பாப், ஐமேப் விவகாரம். இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன், ஏனென்றால் அலுவலகங்களில் மெயில் காணாமல் போவதற்கு நான் பார்த்தவரை முக்கியக் காரணம் இதுதான். ஐமேப்பில் மெயில் சர்வரில் இருக்கும், உங்கள் கணினியும் போனும் அதைப் பார்த்து ஒரு நகல் வைத்துக்கொள்ளும். ஓரிடத்தில் படித்தால் எல்லா இடத்திலும் படித்ததாகக் காட்டும், ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் போய்விடும். பாப் அதற்கு முந்தைய காலத்து ஏற்பாடு, மெயிலை இறக்கிக்கொண்டு வழக்கமாகச் சர்வரிலிருந்து நீக்கிவிடும். சேல்ஸ் முகவரியை முன் அறையில் இருக்கும் கணினியில் ஒருவர் பாப்பில் வைத்திருப்பார், முதலாளி தன் லேப்டாப்பிலும் பாப்பில் வைத்திருப்பார். யார் முதலில் திறக்கிறாரோ அவருக்கு மெயில் போகும், மற்றவருக்கு வராது. வாடிக்கையாளர் போன் செய்து 'மெயில் அனுப்பி மூன்று நாள் ஆகிறது' என்பார், இவர் 'வரவே இல்லையே சார்' என்று சத்தியம் செய்வார், இரண்டு பேர் சொல்வதும் உண்மை. போதாததற்கு, பாப்பில் இறக்கிய மெயில் அந்த ஒரே கணினியில்தான் இருக்கும், ஹார்ட் டிஸ்க் போனால் அதுவும் போச்சு. ஆகவே ஐந்து கணக்கும் ஐமேப். ஏற்கெனவே எங்காவது பாப்பில் ஓடிக்கொண்டிருந்தால் அந்தக் கணினியை ஃபார்மேட் செய்ய யாரையும் விடாதீர்கள், பழைய மெயில் அங்கே மட்டும்தான் இருக்கலாம்.

'எல்லாவற்றையும் ஜிமெயிலுக்குள்ளேயே இழுத்துக்கொண்டால் மென்பொருளே வேண்டாமே' என்று யாராவது சொல்வார்கள். மற்ற கணக்குகளின் மெயிலை ஜிமெயில் பாப் வழியாக இழுத்து வரும் வசதி பல வருடம் இருந்தது, நானும் சிலருக்கு அப்படி அமைத்துக் கொடுத்திருக்கிறேன். 2026-இல் அதை நிறுத்துவதாகக் கூகுள் அறிவித்துவிட்டது. புதிதாக அந்த வழியில் போகாதீர்கள்.

இப்போது மென்பொருள்களுக்கு வருவோம். பார்க்க அழகாக இருக்கிறதா என்பதை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, என் மெயில் சர்வரிலிருந்து என் கணினிக்கு வருகிற வழியில் வேறு யார் கை படுகிறது என்பதை. புதிய லேப்டாப் வாங்கினால் அதில் அவுட்லுக் என்ற பெயரில் ஒன்று இலவசமாக வருகிறதே, புது அவுட்லுக், அதைப் பற்றித்தான் சொல்கிறேன். விண்டோஸோடு வந்த பழைய மெயில் ஆப்பை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31-ஓடு முடித்துவிட்டு இதைக் கொண்டுவந்தது. இதில் உங்கள் ஜிமெயிலையோ கம்பெனி கணக்கையோ சேர்த்தால், மெயில் நேராக உங்கள் கணினிக்கு வருவதில்லை. மைக்ரோசாஃப்ட் தன் கிளவுடில் அந்தக் கணக்கின் நகலை வைத்துக்கொண்டு அங்கிருந்துதான் உங்களுக்குக் காட்டுகிறது. சாதாரண ஐமேப் கணக்கென்றால் அதன் பாஸ்வேர்டும் அங்கே போகும். 2023 நவம்பரில் ஒரு ஜெர்மன் இதழ் இதை வெளிச்சம் போட்டுக் காட்டிய பிறகு ஐரோப்பாவில் பெரிய விவாதமே நடந்தது. மைக்ரோசாஃப்ட் இதை மறைக்கவில்லை, சேர்க்கும்போது ஒரு அறிவிப்பு வரும், நாம்தான் படிக்காமல் 'தொடர்க' என்று அழுத்துகிறோம். இதில் தப்பு ஒன்றும் இல்லை என்று நினைத்தால் பயன்படுத்துங்கள். ஆனால் உங்கள் வாடிக்கையாளரின் டிராயிங்குகளும் வங்கி ஸ்டேட்மெண்டுகளும் இருக்கிற கணக்கு அது, தெரிந்து செய்யுங்கள் என்கிறேன். இலவசமாகப் பயன்படுத்தினால் மெயில்களுக்கு நடுவே விளம்பரமும் வரும். ஸ்பார்க் போன்ற சில அழகான ஆப்களும் தங்கள் சர்வர் வழியாகச் சில வேலைகளைச் செய்பவைதான்.

தண்டர்பேர்ட் அப்படிச் செய்வதில்லை. உங்கள் கணினி நேராக அந்தந்த சர்வரோடு பேசும், நடுவில் யாரும் இல்லை. 2004 டிசம்பரில் முதல் பதிப்பு வந்தது. 2012-க்குப் பிறகு, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தரும் மொஸில்லா அதைக் கொஞ்ச காலம் கண்டுகொள்ளாமல் விட்டது, அந்தச் சமயத்தில் நானே பலரிடம் வேறு ஏதாவது பாருங்கள் என்றுதான் சொன்னேன். 2020-இல் தனி நிறுவனமாக்கிய பிறகு பயனர்களின் நன்கொடையில் நன்றாக நடக்கிறது. 2023-இல் வந்த 115-ஆம் பதிப்பில் தோற்றத்தை மாற்றினார்கள், பழைய ஆட்களுக்குப் பிடிக்கவில்லை, புதிதாக வருகிறவருக்குப் பிரச்சினை இல்லை. காலண்டர் உள்ளேயே இருக்கிறது, மெயிலைப் பூட்டி அனுப்பும் ஓபன்பிஜிபி வசதியும் 2020-இலிருந்து உள்ளேயே இருக்கிறது, உங்களுக்கு அது தேவைப்படாது. 2024 அக்டோபரிலிருந்து ஆண்ட்ராய்டிலும் தண்டர்பேர்ட் உண்டு, கணினியில் இருக்கும் கணக்குகளை ஒரு க்யூஆர் கோடு காட்டிப் போனுக்கு மாற்றிவிடலாம்.

அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் முறை சேர்த்தவுடன் அத்தனை பழைய மெயிலையும் இறக்க ஆரம்பிக்கும், ஜிமெயிலில் பதினைந்து ஜிபி நிரம்பி இருந்தால் லேப்டாப் அன்றைக்கு மூச்சு வாங்கும். ஜிமெயில் நாளொன்றுக்கு ஐமேப்பில் 2500 எம்பி வரைதான் இறக்க விடும் என்பதால் ஒரே நாளில் முடியவும் முடியாது. இரவில் விட்டுவிடுங்கள், பயப்படாதீர்கள். ஜிமெயிலில் 'ஆல் மெயில்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, இன்பாக்ஸில் இருப்பதும் லேபிளில் இருப்பதும் அதிலும் வரும், அதனால் ஒரே மெயில் இரண்டு தடவை இறங்கும். ஜிமெயிலின் அமைப்புகளில் லேபிள் பகுதிக்குப் போய், அந்த ஃபோல்டரை ஐமேப்பில் காட்டாதே என்று டிக்கை எடுத்துவிட்டால் பாதிச் சுமை குறையும். இதைக் கணக்கைச் சேர்ப்பதற்கு முன்பே செய்யுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்குகளின் காலண்டர், மீட்டிங் அழைப்பு, நிறுவன முகவரிப் புத்தகம் இவற்றில் தண்டர்பேர்ட் இன்னும் அவுட்லுக் அளவுக்கு இல்லை. 2025 நவம்பரில் வந்த 145-ஆம் பதிப்பில் எக்ஸ்சேஞ்ச் (நிறுவனங்களுக்கான மைக்ரோசாஃப்ட் மெயில் சர்வர்) கணக்கை நேரடியாகச் சேர்க்கும் வசதி வந்தது, அதிலும் மெயில் மட்டும்தான்.

அதனால் உங்கள் வேலையில் பாதிக்கு மேல் மைக்ரோசாஃப்ட் 365-க்குள் நடந்தால், தினமும் டீம்ஸ் மீட்டிங், பகிர்ந்த காலண்டர் என்று இருந்தால், என் பதில் மாறும்: கிளாசிக் அவுட்லுக், அதாவது ஆபீஸோடு வருகிற பழைய முழு அவுட்லுக். குறைந்தது 2029 வரை அதற்கு ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆடிட்டர் அலுவலகங்களில் அதை நம்பித்தான் வாழ்கிறார்கள். ஆனால் ஐமேப் கணக்குகளின் நகலை அது ஓஎஸ்டி என்ற கோப்பில் வைக்கும். அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு போய் வேறு கணினியில் திறக்க முடியாது. பிஎஸ்டி என்ற அவுட்லுக்கின் இன்னொரு வகைக் கோப்பு என்றால் முடியும், அதற்கும் அவுட்லுக் வேண்டும், வழக்கமான அமைப்பில் 50 ஜிபிதான் உச்சம், அதற்கு வெகு முன்பே திணற ஆரம்பிக்கும்.

ஈஎம் கிளையன்ட் என்று செக் நாட்டிலிருந்து ஒன்று வருகிறது. பார்க்கவும் நன்றாக இருக்கும், எக்ஸ்சேஞ்சும் நன்றாக வேலை செய்யும், தண்டர்பேர்டின் தோற்றம் பிடிக்காதவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். இலவசப் பதிப்பில் இரண்டு கணக்கு மட்டும், அதுவும் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது நிபந்தனை, ஆகவே உங்களுக்கு லைசென்ஸ் வாங்க வேண்டி வரும். மெயில்பேர்ட் எனக்குப் பிடிக்கவில்லை, மெயிலைவிட ஆப்களை ஒட்டவைப்பதில் அதற்கு ஆர்வம் அதிகம். மேக் வைத்திருப்பவர்கள் கூடவே வரும் ஆப்பிள் மெயிலை விட்டு நகர வேண்டியதில்லை. லினக்ஸில் எவல்யூஷன், எக்ஸ்சேஞ்ச் இருந்தால் நிச்சயம் எவல்யூஷன். போஸ்ட்பாக்ஸ் என்று ஒன்று பல வருடம் பலருக்குச் செல்லமாக இருந்தது, வாழ்நாள் லைசென்ஸ் என்று வாங்கி வைத்தார்கள், அதை ஈஎம் கிளையன்ட் நிறுவனம் வாங்கி, மேம்பாட்டை நிறுத்திவிட்டது. வாழ்நாள் என்பது யாருடைய வாழ்நாள் என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்!

இனி உங்கள் உண்மையான வலி, தப்பான முகவரியிலிருந்து போன அந்தக் கொட்டேஷன். ஐந்து கணக்கும் ஒரே ஜன்னலுக்கு வந்தால் இந்த ஆபத்து குறையும் என்று நினைக்காதீர்கள், கவனிக்காவிட்டால் கூடும். டேப்பில் இருந்தபோதாவது எந்தத் தளத்தில் இருக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரிந்தது. வந்த மெயிலுக்குப் பதில் எழுதும்போது தண்டர்பேர்ட் அது எந்த முகவரிக்கு வந்ததோ அங்கிருந்தே அனுப்பும், அதில் பயமில்லை. புதிதாக எழுதும்போதுதான் வம்பு: எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு 'புதிய மெயில்' அழுத்துகிறீர்களோ அந்தக் கணக்கு வரும், எல்லாவற்றையும் கலந்து காட்டும் இன்பாக்ஸில் நின்றால் இயல்புநிலைக் (டீஃபால்ட்) கணக்கு வரலாம். அதனால் இயல்புநிலைக் கணக்காக சேல்ஸை வையுங்கள், ஜிமெயிலை வைக்காதீர்கள். தனிப்பட்ட விஷயம் கம்பெனி முகவரியிலிருந்து போனால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. 128-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு நிறம் கொடுக்கலாம், ஜிமெயிலுக்குச் சிவப்பு கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு கையொப்பமும் போடுங்கள். ஜிமெயில் கையொப்பத்தில் உங்கள் பெயர் மட்டும், சேல்ஸில் ஜிஎஸ்டி எண்ணோடு முழு முகவரி. எழுதி முடித்துக் கீழே பார்க்கும்போது ஜிஎஸ்டி எண் இல்லை என்றால் கை தானாக நிற்கும். கிளாசிக் அவுட்லுக் போடுகிறவர்கள் அதன் மெயில் அமைப்புகளில் புதிய மெயிலுக்கு எப்போதும் இயல்புநிலைக் கணக்கையே பயன்படுத்து என்று ஒரு டிக் இருப்பதைப் பார்த்து, தங்கள் வசதிப்படி வைத்துக்கொள்ளலாம்.

இதையொட்டி இன்னொன்று. ஒவ்வொரு கணக்கும் அதனதன் எஸ்எம்டிபி சர்வர், அதாவது மெயிலை அனுப்பும் சர்வர், வழியாகத்தான் வெளியே போக வேண்டும். சோம்பலில் எல்லாவற்றுக்கும் ஜிமெயிலின் சர்வரையே கொடுத்து, அனுப்புநர் இடத்தில் மட்டும் கம்பெனி முகவரியைப் போட்டுவிடுகிறார்கள். ஒரு கடையின் பில் புத்தகத்தில் இன்னொரு கடையின் சீலைக் குத்தி அனுப்புகிற மாதிரி அது. பெறுகிறவரின் சர்வர் உங்கள் டொமைனின் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளை (மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்து வருகிறதா என்று காட்டுபவை) சரிபார்க்கும், பொருந்தாது, ஸ்பாமுக்குப் போகலாம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் இன்னும் கறார். 'நான் அனுப்பும் கொட்டேஷன் எல்லாம் ஸ்பாமுக்குப் போகிறது' என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான்.

கலந்த இன்பாக்ஸ் வேண்டுமா, தனித்தனியாகவா? அவரவர் விருப்பம். நான் காலையில் ஒரு முறை கலந்து பார்ப்பேன், வேலை செய்யும்போது தனித்தனி. ஆனால் ஃபில்டர்களைப் பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு: முடிந்தவரை சர்வரில் போடுங்கள், மென்பொருளில் வேண்டாம். தண்டர்பேர்டில் போட்ட ஃபில்டர் லேப்டாப் திறந்திருந்தால்தான் ஓடும். நீங்கள் எம்டிஎச் ரோடு டிராஃபிக்கில் போனைப் பார்க்கும்போது அத்தனை குப்பையும் அப்படியே இருக்கும். ஜிமெயிலிலோ சிபேனலிலோ போட்டால் இரண்டு இடத்திலும் சுத்தமாக இருக்கும்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். ஐமேப் என்பது பேக்கப் கிடையாது. சர்வரில் அழிந்தால் இங்கேயும் அழியும், அதுதான் அதன் இயல்பே. ஹோஸ்டிங் கணக்குகளில் இடம் குறைவு, நிரம்பியதும் வருகிற மெயில் திரும்பிப் போக ஆரம்பிக்கும். அப்போது அவசரத்தில் பழையதை அழிப்பார்கள், ஒரு வருடம் கழித்து ஆடிட்டர் பர்ச்சேஸ் ஆர்டர் கேட்பார். ஜிஎஸ்டி கணக்குப் பதிவுகளை அந்த வருடத்து ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், இன்வாய்ஸ் பாதி மெயிலில்தானே இருக்கிறது. ஆகவே தண்டர்பேர்டில் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்று இருப்பதில் நிதியாண்டு வாரியாக ஃபோல்டர் போட்டுப் பழைய மெயிலை அங்கே நகர்த்துங்கள். நகர்த்திய அந்த நிமிடத்திலிருந்து அது உங்கள் லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது. ஆகவே மென்பொருளை மூடிவிட்டு, தண்டர்பேர்ட் தன் மெயிலையும் அமைப்புகளையும் வைத்திருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டர் முழுவதையும் வாரம் ஒரு முறை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். உள்ளேயே ஏற்றுமதி வசதி இருக்கிறது, ஆனால் அது 2 ஜிபி வரைதான், அதற்கு மேல் கையால் நகலெடுக்க வேண்டியதுதான். லேப்டாப் மாறினாலும் அந்த ஃபோல்டரைப் புதிய இடத்தில் போட்டால் கணக்கு, ஃபோல்டர், கையொப்பம் எல்லாம் அப்படியே வந்துவிடும். தண்டர்பேர்டை நான் விடாமல் இருப்பதற்குப் பெரிய காரணமே இதுதான். உள்ளே மெயிலைச் சேமிக்கும் எம்பாக்ஸ் என்பது பழைய, எல்லோருக்கும் தெரிந்த வடிவம், நாளைக்குத் தண்டர்பேர்டே இல்லாமல் போனாலும் வேறு பல மென்பொருள்கள் அதைப் படிக்கும்.

ப்ரொஃபைல் ஃபோல்டரையோ பிஎஸ்டியையோ ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் மாதிரி தானாக ஒத்திசைக்கும் இடத்தில் வைக்காதீர்கள், மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கும்போதே அது நகலெடுக்கப் பார்த்துக் கோப்பு கெட்டுப்போகும். ஆன்டிவைரஸிலும் அந்த ஃபோல்டரைச் சோதிக்காதே என்று விலக்கு கொடுங்கள். எம்பாக்ஸில் இன்பாக்ஸ் முழுவதும் ஒரே கோப்பு, அதில் ஒரு மெயிலில் வைரஸ் இருந்தால் முழுக் கோப்பையும் தூக்கிக் காவலில் வைத்துவிடும் ஆன்டிவைரஸ்கள் உண்டு. அப்புறம் முதன்மை பாஸ்வேர்டு ஒன்றைப் போடுங்கள். அது இல்லாவிட்டால் உங்கள் நாற்காலியில் உட்காரும் யாரும் அமைப்புகளைத் திறந்து சேமித்த பாஸ்வேர்டுகளைப் படிக்கலாம்.

கணினியில் நகல் இருப்பதன் அருமை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பலருக்குத் தெரிந்திருக்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கரண்டும் இல்லை, இணையமும் இல்லை, நாள்கணக்கில். பிரவுசரில் மெயில் பார்ப்பவருக்குத் தன் இன்சூரன்ஸ் பாலிசி நகலைக்கூட எடுக்க முடியவில்லை, மென்பொருளில் இறக்கி வைத்தவர் லேப்டாப் பேட்டரியிலேயே தேடி எடுத்தார். தண்டர்பேர்டில் ஒவ்வொரு கணக்குக்கும் இணையம் இல்லாத நேரத்துக்காக மெயிலைக் கணினியில் வை என்று ஒரு அமைப்பு இருக்கும், டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்கை மட்டும் எஸ்டேட்டில் தரைத்தளத்து மேஜை டிராயரில் வைக்காமல் வீட்டில் மாடியில் வையுங்கள்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதல் நாள் சேல்ஸை மட்டும் சேருங்கள், அனுப்பிப் பாருங்கள், போனிலும் சரியாகத் தெரிகிறதா பாருங்கள். அடுத்த நாள் அக்கவுண்ட்ஸ். ஜிமெயில் வார இறுதியில், அதன் சுமை அதிகம். யாஹூவைச் சேர்ப்பதோடு நிறுத்தாதீர்கள், வங்கிக் கிளைக்குப் போய் அல்லது நெட் பேங்கிங்கில் பதிவு முகவரியை அக்கவுண்ட்ஸ் முகவரிக்கு மாற்றிவிட்டு, வேறு எங்கெல்லாம் அந்த முகவரி கொடுத்திருக்கிறீர்கள் என்று பழைய மெயிலில் தேடி ஒவ்வொன்றாக மாற்றுங்கள். சில மாதத்தில் அதில் புதிதாக எதுவும் வராது, அப்போது கணக்கு நான்காகிவிடும். வெண்டர் முகவரிக்கு அட்மின் அனுமதி கிடைக்காவிட்டால் அதை மட்டும் பிரவுசரில் ஒரே ஒரு டேப்பாகப் பின் செய்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வருகிற மெயிலை ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு போட்டுவிடலாமா என்று தோன்றும், அதை மட்டும் அவர்களைக் கேட்காமல் செய்யாதீர்கள், வெண்டர் ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இருக்க வாய்ப்பு அதிகம்.